துரும்பைக் கிள்ளிப் போட விடுங்கள்: மார்பகப் புற்றுநோய் சிகிச்சை முடித்து வீடு திரும்பியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

என் அம்மாவுக்கு 2019 பிப்ரவரியில் ரேடியேஷன் முடிந்தது. எங்கள் பக்கம் அதைக் "கரண்டு வைப்பது" என்பார்கள். வலது மார்பில் ஆபரேஷன், 8 கீமோ, 5 வாரம் கரண்டு என்று எல்லாம் முடித்துவிட்டு மதுரையிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ்ஸில் வந்து இறங்கிய அன்று சாயங்காலமே, ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே கட்டிலைப் போட்டு, "இனிமே நீங்க ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடக் கூடாதும்மா" என்று சொல்லி உட்கார வைத்துவிட்டோம். காபி கட்டிலுக்கே வந்தது. சாப்பாடும் கட்டிலுக்கே வந்தது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு சத்து மாவு டப்பாவும் ஆப்பிளும் கொண்டு வந்தார்கள்.

ஐந்து மாதத்தில் அம்மாவுக்கு 9 கிலோ ஏறியது. வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை, தலையைத் தானே பின்னிக்கொள்ள முடியவில்லை, மொட்டை மாடிக்கு ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். கட்டி போய்விட்டது, ஸ்கேன் நன்றாக இருந்தது. அதற்கப்புறம் அம்மாவை முடக்கியது நாங்கள்தான்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பெண்ணின் மகளோ மகனோ கணவரோ தங்கையோ படித்தால் உடனே செய்து பார்க்கும்படி, நாங்கள் தட்டுத் தடுமாறிக் கற்றதையும் மருத்துவர்களிடமும் ஃபிசியோதெரபிஸ்டுகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வரிசையாகச் சொல்கிறேன். மார்பகப் புற்றுநோயை மையமாக வைத்திருக்கிறேன், இந்தியப் பெண்களுக்கு அதிகம் வருவது அதுதான். உங்கள் மருத்துவர் உங்கள் உடம்பைப் பார்த்து வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

படி 1: முதலில் அந்த ஃபைல்

மஞ்சப்பையில் திணித்து வைத்திருக்கும் காகிதங்களை ஒரு நாள் உட்கார்ந்து தேதி வாரியாக அடுக்குங்கள். அடுக்கியதும் ஒரே ஒரு தாளில் இதையெல்லாம் எழுதுங்கள்: எந்தப் பக்கம், என்ன ஆபரேஷன், அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தார்களா, கீமோ மருந்துகளின் பெயர், ரேடியேஷன் எந்தப் பக்கம், பயாப்ஸியில் ஈ.ஆர்., பி.ஆர். (கட்டி ஹார்மோனால் வளர்வதா என்று காட்டுபவை), ஹெர்-2 (கட்டியை வேகமாக வளர்க்கும் ஒரு புரதம்) முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரை. தெரியாததை அடுத்த ரிவ்யூவில் மருத்துவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளலாம். அந்தத் தாளை போட்டோ எடுத்து வீட்டில் எல்லோருடைய போனிலும் வையுங்கள்.

இது எதற்கு? பத்து வருஷம் கழித்து அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று பக்கத்து ஊர் மருத்துவரிடம் ஓடினால், அவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அந்தச் சிவப்பு நிற கீமோ மருந்து ஏற்றினார்களா என்பது. டாக்ஸோருபிசின் என்ற அந்த மருந்தும், ஹெர்-2 இருப்பவர்களுக்குப் போடும் டிராஸ்டுசுமாப் ஊசியும், இடது மார்பில் வைத்த ரேடியேஷனும் இதயத்தைப் பாதிக்கக் கூடியவை. அந்த நேரத்தில் "ஏதோ செவப்பா ஏத்துனாங்க" என்று சொன்னால் போதாது.

படி 2: கையை மீட்டெடுப்பது

இந்தப் படியில்தான் நான் அதிகம் பேசப் போகிறேன், ஏனென்றால் இதில்தான் நாங்கள் அதிகம் கோட்டை விட்டோம்.

ஆபரேஷன் செய்த பக்கத் தோள், வலிக்கிறதே என்று அசைக்காமல் விட்டால் இறுகிப் போகும். ரேடியேஷன் அந்த இறுக்கத்தை இன்னும் கூட்டும். அம்மாவை ஐந்தாவது மாதம் பார்த்த ஃபிசியோதெரபிஸ்ட் ஒரு சின்னப் பெண். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்மா, வீட்டுல செவுரு இருக்குல்ல? தினமும் அதுல விரலால நடங்க" என்றாள். "இவ்வளவுதானா பாப்பா?" என்று அம்மா கேட்டதற்கு, "செஞ்சுட்டு வந்து சொல்லுங்கம்மா" என்று சிரித்தாள்.

செய்யும் முறை இது. சுவரைப் பார்த்து ஒரு அடி தள்ளி நிற்க வேண்டும். ஆபரேஷன் ஆன பக்கக் கையின் விரல்களைச் சுவரில் வைத்து, எறும்பு ஏறுவதுபோல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். இழுக்கிற மாதிரி தெரியும் இடத்தில் நிறுத்தி, பத்து எண்ணி, அதேபோல இறக்க வேண்டும். சுரீர் என்று வலித்தால் அதற்கு மேல் ஏற்றக் கூடாது. காலையில் 10 தடவை, மாலையில் 10 தடவை. எங்கள் சமையலறையில் காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில் அம்மாவின் விரல் எட்டிய இடத்தில் தம்பி பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதி எழுதினான். முதல் கோடு அம்மாவின் காது உயரத்தில் இருந்தது. இரண்டு வாரம் அது அசையவே இல்லை, அம்மா அழுதுவிட்டார். மூன்றாவது வாரம் இரண்டு விரல்கடை ஏறியது. அதற்கப்புறம் கோடுகள் நெருக்க நெருக்கமாக ஏறி, நான்கு மாதத்தில் காலண்டர் ஆணிக்கு மேலே போய்விட்டன. உங்கள் வீட்டிலும் பென்சில் கோடு போடுங்கள். உடம்பு தேறுவது அவர்கள் கண்ணுக்குத் தெரிவது பெரிய விஷயம்.

இதோடு தலை சீவுவது, ரவிக்கையின் பின்பக்கத்தைத் தொடுவது, கொடியில் துணி காயப் போடுவது எல்லாம் அந்தக் கையாலேயே செய்யட்டும். நீங்கள் ஓடிப்போய் வாங்கிச் செய்யாதீர்கள். ஆபரேஷனுக்குப் பின் எந்த நாளிலிருந்து எவ்வளவு உயரம் தூக்கலாம் என்பதை மட்டும் சர்ஜனிடம் கேட்டுவிடுங்கள், ஆபரேஷன் இடத்தில் நீர் வடிய வைத்த டியூபை எடுக்கும் முன் அவசரப்படக் கூடாது.

அடுத்தது கை வீக்கம். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்துவிட்டதாலும் அங்கே கரண்டு வைத்ததாலும், கையிலிருந்து நிணநீர் என்ற திரவம் வடிந்து போகும் பாதை குறைந்துவிடுகிறது. சிலருக்கு ஆறு மாதத்தில் வீங்கும், சிலருக்குப் பல வருஷம் கழித்து. கண்ணுக்குத் தெரியும் முன்பே வளையல் சொல்லிவிடும். நேற்றுவரை சுலபமாக ஏறி இறங்கிய வளையல் இன்று இறுக்கினாலோ, ரவிக்கைக் கை ஒரு பக்கம் மட்டும் பிடித்தாலோ, கை கனமாக இருக்கிறது என்று அம்மா சொன்னாலோ கவனியுங்கள். தையல்காரர் வைத்திருக்கும் இஞ்சு டேப் ஒன்று வாங்கி, மாதம் ஒன்றாம் தேதி இரண்டு கைகளையும் அளந்து நோட்டில் எழுதுங்கள்: மணிக்கட்டு, முழங்கைக்கு 10 சென்டிமீட்டர் கீழே, 10 சென்டிமீட்டர் மேலே. முன்பு இருந்ததைவிட ஏதாவது ஓர் இடத்தில் 2 சென்டிமீட்டர் கூடினால் காத்திருக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே போனால் கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை, கட்டு, அதற்கென்று இருக்கிற மசாஜ் இவற்றால் கட்டுக்குள் வரும், முற்றிவிட்டால் கஷ்டம்.

அந்தக் கையில் தோல் கிழியாமல் பார்த்துக்கொள்வது முக்கியம். மீன் கழுவும்போது கையுறை, ரோஜாச் செடி வெட்டும்போது கையுறை, குளித்ததும் கொஞ்சம் தேங்காய் எண்ணெய், நகத்தை ஒட்ட வெட்டாமல் இருப்பது, வெந்நீர்ப் பை ஒத்தடம் வேண்டாம். பி.பி. பார்ப்பதும் ஊசி போடுவதும் முடிந்தவரை அடுத்த கையில் இருக்கட்டும், அவசரத்துக்கு வழியில்லாமல் இந்தக் கையில் போட்டுவிட்டால் பதறவும் வேண்டாம். ஆனால் கை சிவந்து, சூடாகி, காய்ச்சலும் வந்தால் அது கிருமித் தொற்று. விடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள்.

படி 3: ஐந்து நிமிஷத்தில் தொடங்கும் நடை

சிகிச்சை முடிந்து மாதக்கணக்கில் ஒரு அசதி இருக்கும். தூங்கி எழுந்தாலும் போகாது. "ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்" என்று நாம் நினைக்கிறோம், இந்த அசதி அப்படிச் சரியாவதில்லை. ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அவை சரியாக இருந்தால் இதற்கு இருக்கும் நல்ல வைத்தியங்களில் முதலாவது நடப்பதுதான்.

முதல் வாரம் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை, 5 நிமிஷம், காலையும் மாலையும். வாரம் ஒரு தடவை 5 நிமிஷம் கூட்டுங்கள். ஒரு வாரம் முடியவில்லையென்றால் முந்தைய வாரத்து அளவிலேயே இருங்கள், தப்பே இல்லை. போய்ச் சேர வேண்டிய இடம் ஒரு நாளைக்கு 30 நிமிஷம், வாரத்துக்கு 5 நாள், ஆக 150 நிமிஷம். வேகம் எவ்வளவு? நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வெயில் காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள், மழை நாளில் வராண்டாவிலேயே நடக்கலாம். கரண்டு வைத்த இடத்துத் தோலில் நேர் வெயில் படாமல் முந்தானையோ துண்டோ போர்த்திக்கொள்ள வேண்டும்.

ஒரு சிலர் கேட்பார்கள், நடந்தால் ஆயுசு கூடுமா என்று. மார்பகப் புற்றுநோயில் நடமாட்டத்தோடு இருப்பவர்கள் நலமாக இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ஆனால் இன்னும் உறுதியான சான்று 2025இல் குடல் புற்றுநோயில் வந்தது. கனடா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட நாடுகளில் ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மூன்று வருஷம் கூடவே ஒரு பயிற்சியாளரை வைத்து உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள், மறு பாதிக்கு உடல்நலம் பற்றிய புத்தகத்தை மட்டும் கொடுத்தார்கள். எட்டு வருஷம் கழித்துப் பார்த்தபோது பயிற்சி செய்தவர்களில் 100க்கு 90 பேர் உயிரோடு இருந்தார்கள், புத்தகம் மட்டும் வாங்கியவர்களில் 83 பேர். ஒரு மருந்து இந்த அளவுக்குப் பலன் தந்தால் கடன் வாங்கியாவது வாங்கிக் கொடுத்திருப்போம். இதில் இன்னொன்றையும் பாருங்கள்: "நடங்கள்" என்று எழுதிக் கொடுத்தது போதவில்லை, கூட ஒரு ஆள் இருந்தது வேலை செய்தது. அதனால் செருப்பை மாட்டிக்கொண்டு நீங்களும் கிளம்புங்கள்.

கீமோவினால் விரல் நுனியும் பாதமும் மரத்துப் போயிருந்தால் வெறுங்காலில் நடக்க விடாதீர்கள், பின்வார் வைத்த செருப்பு நல்லது. இரவில் பாதத்தைத் திருப்பிப் பார்த்துக் காயம் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். தோசைக்கல்லைத் துணியில்லாமல் தொடும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள், சூடு தெரியாமலேயே வெந்துவிடும். காய்ச்சல், தலைசுற்றல், நெஞ்சுவலி இருந்தால் அன்று நடை வேண்டாம். எலும்புக்குப் பரவியிருந்தால் மருத்துவரைக் கேட்காமல் எதுவும் தொடங்காதீர்கள்.

படி 4: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்

"அந்தக் கையால எதையும் தூக்காதீங்க" என்று காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். 2009இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. ஏற்கெனவே கை வீக்கம் இருந்த 141 பெண்களில் பாதிப் பேரை ஒரு வருஷம், வாரம் இரண்டு தடவை, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போய்ப் பளு தூக்க வைத்தார்கள். அவர்களுக்கு வீக்கம் மற்றவர்களைவிடக் கூடவில்லை, திடீரென்று மோசமாவதும் குறைவாகவே இருந்தது. அவர்கள் அழுத்த உறை போட்டுக்கொண்டு, கற்றுக்கொடுக்க ஆள் வைத்துக்கொண்டு செய்தார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீட்டில் செய்வதென்றால் ஃபிசியோதெரபிஸ்டிடம் ஒரு தடவை காட்டிக் கற்றுக்கொண்டு, அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்குங்கள். அது அரைக் கிலோ. முழங்கையை மடக்கி நீட்டி 10 தடவை. இரண்டு வாரம் சிரமமில்லாமல் போனால் கொஞ்சம் கூட்டலாம். காலுக்கு, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, 8 அல்லது 10 தடவை. வாரத்தில் இரண்டு நாள் போதும். மாதவிடாய் நின்றவர்களுக்கும், கீமோவால் சீக்கிரமே நின்றுபோனவர்களுக்கும் எலும்பு தேய்வது சீக்கிரம் நடக்கும் என்பதால் இது நடையைவிட ஒன்றும் குறைந்ததில்லை.

படி 5: சமையலறையில் பத்தியம் வேண்டாம்

இது நம் ஊரில் பெரிய தலைவலி. கோழி கூடாது, பால் கூடாது, கத்திரிக்காய் கூடாது, சர்க்கரை ஒரு துளி கூடாது, கேன்சருக்கு அது தீனி என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் சொல்லி, கடைசியில் அந்த அம்மா கஞ்சியும் ரசமும் குடித்து எலும்பும் தோலுமாக இருப்பார், இல்லையென்றால் சத்து பானமும் ரொட்டியுமாகச் சாப்பிட்டு எடை ஏறி இருப்பார். இரண்டையும் பார்த்திருக்கிறேன்.

சர்க்கரை விஷயம் இதுதான். உடம்பின் எல்லா அணுக்களும் சர்க்கரையை எரிக்கின்றன, நீங்கள் ஒரு துளி இனிப்பு சாப்பிடாவிட்டாலும் சோற்றிலிருந்தும் பருப்பிலிருந்தும் உடம்பு அதைத் தயாரித்துக்கொள்ளும். காபியில் போடும் ஒரு ஸ்பூனால் கட்டி திரும்பி வராது. ஆனால் இனிப்பும் எண்ணெயும் கூடி எடை ஏறுவது ஆபத்துதான், ஏனென்றால் மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் கொழுப்பிலிருந்துதான் உருவாகிறது, பல மார்பகக் கட்டிகளுக்கு அந்த ஈஸ்ட்ரோஜன்தான் ஊட்டம். ஆகவே எடையை மாதம் ஒரு தடவை பார்த்து எழுதுங்கள், கை அளவு எழுதும் அதே நோட்டில்.

தட்டை இப்படி வையுங்கள்: பாதித் தட்டு காயும் கீரையும், கால் தட்டு சோறு, கால் தட்டு பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இவற்றில் ஏதாவது. நம் சாப்பாட்டில் குறைவது புரதம்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 60 கிராமாவது வேண்டும். மூன்று இட்லியில் கிடைப்பது 6 கிராம் அளவுதான். ஒரு முட்டை 6 கிராம், ஒரு டம்ளர் பால் 6 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கப் 14 கிராம். காலையில் இட்லியோடு ஒரு முட்டை, பதினோரு மணிக்குச் சுண்டல், மதியம் பருப்பும் மீனும், ராத்திரி தோசைக்குப் பதில் அடை. இப்படி யோசித்தால் கணக்கு வந்துவிடும், தனிச் சமையல் தேவையில்லை, வீடே அதைச் சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். அம்மாவுக்கு மட்டும் தனித் தட்டு என்று வைத்தால் மூன்று வாரத்தில் அது நின்றுபோகும்.

கால்சியத்துக்குக் கேழ்வரகு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது, ஒரு நாளைக்குத் தேவை 1000 முதல் 1200. கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, முருங்கைக்கீரைப் பொரியலோடு சாப்பிட்டால் ஒரே வேளையில் பாதியை நெருங்கிவிடலாம். முள்ளோடு சாப்பிடும் நெத்திலியும் நல்லது. வைட்டமின் டி அளவை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சோயா சாப்பிடலாமா என்று கேட்பார்கள், சாப்பாட்டு அளவில் சாப்பிடலாம், பயமில்லை.

உண்மையாகவே விட வேண்டியவை சில உண்டு. மது, எந்த அளவிலும். புகையிலை, எந்த வடிவத்திலும். இன்னொன்றை யாரும் சொல்வதில்லை: வெற்றிலை பாக்கு. புகையிலை போடாமல் வெறும் பாக்கு போட்டாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. சாப்பிட்டதும் வெற்றிலை போடும் பழக்கம் நம் அம்மாக்களுக்கும் அத்தைகளுக்கும் சாதாரணம், அதைப் பக்குவமாகப் பேசி விடுவியுங்கள். சாசேஜ், சலாமி மாதிரிப் பதப்படுத்திய இறைச்சியும் வேண்டாம். ஆட்டுக்கறி வாரம் ஒரு நாள் என்றால் சரி.

அப்புறம் வாட்ஸ்அப் வைத்தியம். முள் சீத்தா கீமோவைவிடப் பல மடங்கு சக்தி என்று ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. ஆய்வகத் தட்டில் வைத்த அணுக்களில் பார்த்ததை வைத்துக் கிளம்பிய கதை அது. மனிதர்களிடம் அப்படி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. குவாதலூப் என்ற கரீபியன் தீவில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் நிறையச் சாப்பிடுபவர்களிடம் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் அதிகம் இருப்பதைத்தான் மருத்துவர்கள் கண்டார்கள். சீந்தில் கொடிச் சாறும் மஞ்சள் சத்து கேப்ஸ்யூலும் சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கின்றன. குழம்பில் போடும் மஞ்சளுக்கு ஒன்றும் இல்லை, தாராளமாகப் போடுங்கள்.

படி 6: தினசரி மாத்திரை

ஈ.ஆர். அல்லது பி.ஆர். பாசிட்டிவ் என்றால் டாமாக்ஸிஃபென் அல்லது லெட்ரோசோல் மாதிரி ஒரு ஹார்மோன் மாத்திரை குறைந்தது 5 வருஷம், சிலருக்கு 10 வருஷம்வரை. நிறையப் பேர் இரண்டாம் வருஷத்தில் "அதான் நல்லா இருக்கேன்ல" என்று நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்புவதைத் தடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சின்ன மாத்திரைதான். மூட்டுவலி, திடீரென்று உடம்பு கொதித்து வியர்ப்பது, தூக்கமின்மை இவை வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றித் தருவார். நடந்தால் மூட்டுவலி குறைவதை அம்மாவிடமே பார்த்தேன். செலவு கையைக் கடித்தால் மக்கள் மருந்தகத்தில் அதே மருந்து கிடைக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

டாமாக்ஸிஃபென் சாப்பிடுபவருக்கு மாதவிடாய் நின்ற பிறகு மறுபடி ரத்தம் பட்டால் கட்டாயம் காட்ட வேண்டும், கர்ப்பப்பையைச் சோதிப்பார்கள். நம் பெண்கள் இதைக் கூச்சப்பட்டு மறைப்பார்கள், அதனால் முன்கூட்டியே மகள்களோ மருமகள்களோ சொல்லி வையுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் உடனே போக வேண்டும். மன அழுத்தத்துக்குத் தரும் சில மாத்திரைகள் டாமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும், எந்த மருத்துவரிடம் போனாலும் அந்த ஒற்றைத் தாளைக் காட்டுங்கள்.

படி 7: ரிவ்யூ

பொதுவாக முதல் 3 வருஷம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை, அடுத்த 2 வருஷம் 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருஷம் ஒரு தடவை. வருஷத்துக்கு ஒரு மாமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே. எந்தத் தொந்தரவும் இல்லாதபோது "எதுக்கும் ஒரு பெட் ஸ்கேன் எடுத்துடலாம்" என்று உடம்பு முழுவதையும் பார்க்கும் அந்த ஸ்கேனுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், அதனால் ஆயுள் கூடுவதில்லை, பயம்தான் கூடும். லெட்ரோசோல் சாப்பிட்டால் எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேன் கேளுங்கள். சர்க்கரை, பி.பி., கொழுப்பு இவற்றை மறந்துவிடாதீர்கள், புற்றுநோயை வென்று வந்தவர்களை மாரடைப்பு கொண்டுபோவது நடக்கிறது.

ரிவ்யூ தேதிக்குக் காத்திராமல் போக வேண்டியவை: தழும்பிலோ அக்குளிலோ கழுத்திலோ புதுக் கட்டி, இரண்டு வாரத்துக்கு மேல் விடாத எலும்பு வலி, விடாத இருமல் அல்லது மூச்சுத்திணறல், வாந்தியோடு தலைவலி, காரணமில்லாமல் எடை இறங்குவது.

வெளியூர் மருத்துவமனைக்கு ரயிலில் போகிறவர்கள், மருத்துவமனையில் ரயில்வே சலுகைப் படிவம் வாங்குங்கள். ஸ்லீப்பர் வகுப்பில் புற்றுநோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. பரிசோதனைக்குப் போய்வருவதற்கும் இது உண்டு, பலருக்கு இது தெரியவில்லை.

படி 8: மனசு

ரிவ்யூவுக்குப் பத்து நாள் இருக்கும்போதே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடும். ஏழு வருஷம் ஆகியும் இப்படித்தான். "ஒன்னும் இருக்காதும்மா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன், அது அவரை வாயை மூடத்தான் வைத்தது. இப்போது "என்ன பயமா இருக்கு, சொல்லுங்க" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். சொல்லி முடித்தபின் தூங்கிவிடுகிறார். இரண்டு வாரத்துக்கு மேல் அழுகையும் தூக்கமின்மையும் எதிலும் பிடிப்பில்லாமையும் இருந்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416க்குத் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

புற்றுநோய் தொற்றாது. இதை நீங்கள் உறவினர்களிடம் உரக்கவே சொல்ல வேண்டியிருக்கும். ஒரு விசேஷ வீட்டில் அம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப்பில் காபி வந்தது, மற்றவர்களுக்கெல்லாம் சில்வர் டம்ளர். அம்மா அதற்கப்புறம் ஆறு மாதம் எந்த விசேஷத்துக்கும் வரவில்லை. கணவன் மனைவி சேர்ந்து இருப்பதாலும் எதுவும் ஆகாது. மருந்தினால் வறட்சியும் வலியும் இருந்தால் அதற்கு வழி உண்டு, பெண் மருத்துவரிடம் கேளுங்கள். ஹார்மோன் கலந்த மருந்தை மட்டும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்த வேண்டாம்.

மகள்கள் இருந்தால் ஒரு வார்த்தை. மார்பகப் புற்றுநோயில் 100க்கு 5 முதல் 10தான் பரம்பரையாக வருவது. சின்ன வயதில் வந்திருந்தாலோ, குடும்பத்தில் பலருக்கு வந்திருந்தாலோ மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். கல்யாணப் பேச்சுக்கு இடைஞ்சல் என்று மறைத்தால், பரிசோதனை செய்துகொள்ள வேண்டிய பெண்ணுக்கே விஷயம் தெரியாமல் போகும்.

வேறு இடத்தில் புற்றுநோய் வந்தவர்களுக்குச் சுருக்கமாக: வாய், தொண்டையில் கரண்டு வைத்திருந்தால் கேட்காமல் பல் பிடுங்கக் கூடாது, தாடை எலும்பு புண்ணாகி ஆறாமல் போகலாம். வாய் திறக்கும் பயிற்சியை விடாதீர்கள், தைராய்டைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கர்ப்பப்பை வாய்க்குக் கரண்டு வைத்தவர்களுக்கு பிறப்புறுப்புப் பாதை சுருங்காமலிருக்கப் பயிற்சி உண்டு, யாரும் சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

படி 9: நாலு பேர்

எல்லாப் படியும் தெரிந்திருந்தும் தனியாகச் செய்தால் இரண்டு மாதத்தில் விட்டுப்போகும். அம்மாவுக்கு ரிவ்யூ பெஞ்சில் பழக்கமான இரண்டு பேர் எங்கள் ஊர்க்காரர்கள். அவர்களோடு ஆரம்பித்தது, இப்போது ஏழு பேர். பூங்காவில் காலை ஆறு மணி.

தொடங்க மூன்று பேர் போதும். உட்கார பெஞ்சும் பக்கத்தில் கழிப்பறையும் இருக்கிற இடமாகப் பாருங்கள். மற்றவருடைய ஸ்டேஜைக் கேட்பது, தன்னுடையதோடு ஒப்பிடுவது, மருந்து சிபாரிசு செய்வது இவை கூடாது என்று முதல் நாளே பேசிவிடுங்கள். வராதவருக்கு அன்றைக்கே ஒருவர் போன் செய்ய வேண்டும். "ஏன் வரலை" என்று கேட்காமல் "நாளைக்கு உங்க வீட்டு வழியா வர்றோம்" என்று சொன்னால் கிளம்பிவிடுவார்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுக்கொரு பாத்திரம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுங்கள், அன்றைக்கு இஞ்சு டேப்பையும் நோட்டையும் எடுத்து வரச் சொல்லுங்கள்.

ஒரு நாள் யாருக்காவது நோய் திரும்பும். அதை எப்படித் தாங்குவது என்று யாரும் முன்கூட்டியே பேசுவதில்லை, பேசிவைப்பது நல்லது. எங்கள் ஏழு பேரில் ஒரு அக்காவுக்குப் போன வருஷம் எலும்பில் வந்தது. மற்றவர்களுக்குப் பயமாகத்தான் இருந்தது, இரண்டு பேர் ஒரு வாரம் பூங்காப் பக்கமே வரவில்லை. அந்த அக்கா மறுபடி மருந்து தொடங்கி, மருத்துவர் அனுமதித்ததும், மெல்ல ஒரு சுற்று மட்டும் நடக்கிறார். மற்ற சுற்றுகளுக்கு வாசல் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் "இது மூணு", "இது நாலு" என்று சத்தமாகச் சொல்வார். அம்மாவுக்கு ஐந்து சுற்று. அக்கா "அஞ்சு" என்று சொன்னதும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை வலது கையாலேயே எடுத்து அவருக்குக் கொடுக்கிறார்.